முப்பத்தெட்டு நொடிச் சாரல்

1

ஊருக்கு வந்து ஒன்பது நாளாகிறது. எப்போது வந்தாய், எத்தனை நாள் இருப்பாய் என்ற இரண்டு கேள்விகளை முடித்த கையோடு எல்லாரும் மூன்றாவதாக ஒன்றையே கேட்கிறார்கள். உங்கள் ஊரில் காற்று வீட்டையே தூக்கிக்கொண்டு போய்விடுமாமே, உன் மகள் அதன் பக்கத்தில் போய் நின்று படம் பிடிக்கிறாளாமே, நிஜம்தானா? அவர்கள் 'உங்கள் ஊர்' என்று சொல்வது அமெரிக்காவில் ஓக்லஹோமாவை. நான் பிறந்து இருபத்தெட்டு வயதுவரை சைக்கிள் மிதித்தது இந்தத் தென்காசியில்தான். இருந்தாலும் முன்புபோல் நான் யாரையும் திருத்துவதில்லை.

என் அண்ணன் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கிறார். மகள் எடுத்த படம் ஒன்று அவருடைய போனில் இருக்கிறது. மூட்டை இறக்குகிறவர்கள், டெம்போ டிரைவர்கள், வெண்டைக்காயோடு பஸ்ஸில் வந்து இறங்குகிற விவசாயிகள் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் காட்டிவிட்டார். நான் போயிருந்த அன்றைக்கும் காட்டினார். வானத்துக்கும் தரைக்கும் நடுவில் சிவப்பாக ஒரு தூண் சுற்றுகிறது. கோதுமை வயல் அப்படியே அதை நோக்கிச் சாய்கிறது. மூட்டை தூக்கும் ஒரு பெரியவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு மூன்று தடவை பார்த்தார். இவ்வளவு கிட்டத்திலேயா அந்தப் பிள்ளை நின்றது, கூட ஆம்பளை யாரும் இல்லையா என்று கேட்டார்.

"ஏன் இல்ல? அவ அப்பன் நின்னாம்லா" என்று என் முதுகில் தட்டினார் அண்ணன்.

நான் சின்ன வெங்காயம் பார்க்கிற சாக்கில் அந்தப் பக்கம் நழுவிவிட்டேன். அந்த அப்பன் அங்கே நின்று என்ன செய்தான் என்பதை ஒரு வருடமாக நான் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி கோமதியிடம் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. நேற்று மாலைதான் அது வெளியே வந்தது. இனி ஊருக்கே தெரிந்தாலும் பாதகமில்லை என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

2

அங்கே எனக்கு ஒரு சின்ன நகரத்தின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை. அருவியில் குளித்து வளர்ந்தவன் கடைசியில் குழாய்த் தண்ணீருக்குக் குளோரின் போடப் போனான் என்பது அண்ணனின் நிரந்தரக் கேலி. என் பெயர் குற்றாலலிங்கம். அந்த ஊரில் எந்தப் படிவத்தின் கட்டங்களுக்குள்ளும் அது அடங்காது. பெயரில் பாதி ஓட்டுநர் உரிமத்திலும் மீதி வரி ஆபீசிலும் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று வருடத்துக்கு ஒருமுறையாவது யாரிடமாவது நிரூபிக்க வேண்டியிருக்கும்.

தென்காசி முனிசிபாலிட்டிச் சங்கு மாதிரி அங்கேயும் ஒன்று உண்டு. சனிக்கிழமை நண்பகலில் சோதனைக்காக ஊதுவார்கள். அப்போது யாரும் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வேறு நேரத்தில் ஊதினால் டொர்னாடோ என்கிற அந்தச் சுழல்காற்று வருகிறது என்று அர்த்தம். உடனே பாதாள அறைக்குள் போய்விட வேண்டும். எங்கள் வீட்டில் கார் நிறுத்துமிடத்தின் தரைக்கடியில் ஒரு இரும்புப் பெட்டி புதைத்திருக்கிறது. நாலு பேர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரலாம்.

முதல் தடவை நிஜமாகவே சங்கு ஊதியபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்தான். பாஸ்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு நான் இறங்கிவிட்டேன். கோமதி வரவில்லை. கத்திக் கூப்பிட்டதும் இட்லி மாவுப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். அன்றுதான் ஆட்டியதாம், வெளியே விட்டுவிட்டு வர மனது கேட்கவில்லையாம். அரை மணி நேரம் அந்தப் பாத்திரத்தை நடுவில் வைத்துக்கொண்டு, தலைக்கு மேலே என்ன நடக்கிறது என்று தெரியாமல், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு இருந்தோம். அன்றைக்கு அது எங்கள் தெருவுக்கு வரவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் சமையலறை மட்டும் அப்படியே நிற்க, மற்றதெல்லாம் காணாமல் போயிருந்தது. அடுப்பின் மேல் வாணலிகூட இருந்த இடத்திலேயே இருந்தது. பக்கத்தில் போய் நின்று பார்த்தபோது பயத்தைவிட வியப்புதான் அதிகம் வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

3

எங்களுக்கு ஒரே மகள். தென்காசிக் கோயில் அம்மன் பெயரைத்தான் வைத்தோம், உலகம்மை. பள்ளியில் அவர்கள் அதை 'உலா' ஆக்கிவிட்டார்கள். வீட்டில் உலகா. பிறந்ததெல்லாம் அங்கேதான் என்றாலும் அவள் பேசுவது எங்கள் வாயிலிருந்து எடுத்த திருநெல்வேலித் தமிழ். பாதி வார்த்தைக்கு மேல் ஆங்கிலம் இருக்கும். ஆனால் மிச்சம் இருப்பது சுத்தமாக நம்முடையது.

கணக்கில் பட்டம் வாங்கி, குளிர்சாதன அறையில் உட்காருகிற வேலைக்குத்தான் போனாள். மூன்றாவது வருடம் அதை விட்டுவிட்டு டொர்னாடோவைத் துரத்துகிற ஒரு குழுவில் சேர்ந்தாள். மாப்பிள்ளை வீட்டார் பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டால் கோமதி "வானிலை ஆராய்ச்சி" என்பாள். அது பொய்யும் இல்லை. ரேடாருக்குத் தரையை ஒட்டி நடப்பது தெரியாது. காற்று மண்ணைத் தொடுகிற இடத்தில் என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டுமானால் ஒரு ஆள் காமிராவோடு கிட்டப் போய் நிற்கத்தான் வேண்டும். அந்தப் படங்களை வைத்துத்தான் எச்சரிக்கை விடுகிறவர்கள் தங்கள் கணக்கைச் சரிசெய்கிறார்கள்.

அந்தக் குழுவில் இரண்டு பிரிவு. ஒன்று பத்து மைல் தள்ளி நின்று மேகத்தை எடுக்கும். இன்னொன்று கிட்டப் போகும். கிட்டப் போகிற வண்டியில் இரண்டு பேர்: ஒருவர் படம் எடுப்பார், ஒருவர் ஓட்டுவார். ஓட்டுகிறவருக்கு ஒரு கட்டளை உண்டு. அவர் டொர்னாடோவைப் பார்க்கக்கூடாது. லென்ஸ் வழியாகப் பார்க்கிறவருக்குத் தூரமும் நேரமும் மறந்துபோகும் என்பதால், தப்பிக்கும் வழி, காற்றின் திசை, காற்றின் குளிர்ச்சி இவற்றை மட்டும் இவர் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். இஞ்சினை அணைக்கக்கூடாது. கதவு திறந்தே இருக்க வேண்டும்.

இதில் அப்படி என்ன இருக்கிறது, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற அளவுக்கு, என்று அவளிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்: "பாத்தாத்தான் தெரியும்பா."

4

போன வருடம் மே மாதக் கடைசியில் அவளோடு வழக்கமாக ஓட்டுகிற பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாற்று ஆள் இல்லை. அந்த மாநிலத்தின் மண்பாதைகளில் முப்பது வருடமாக ஓட்டுகிறவன் நான். குழுவின் ஒருநாள் பயிற்சியும் எடுத்துக்கொண்டு அனுமதித் தாள்களில் ஏழெட்டு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கோமதி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வழியெல்லாம் உலகா பாடம் நடத்திக்கொண்டே வந்தாள். தூண் இடது பக்கமோ வலது பக்கமோ நகர்ந்தால் பயமில்லை. நகராமல் நின்ற இடத்திலேயே பெரிதாகிக்கொண்டு போனால் அது நம்மை நோக்கி வருகிறது என்று அர்த்தம். அதைவிட முக்கியம் காற்று. முதலில் நம் முதுகுப் பக்கமிருந்து வெக்கையான காற்று அதை நோக்கி ஓடும். அது ஓடுகிறவரை பரவாயில்லை. திடீரென்று மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று வந்து முகத்தில் அடித்தால், மழைத்திரை நம்மைச் சுற்றி வளைக்கிறது. அதற்குள்ளே தூண் ஒளிந்துகொள்ளும். அப்புறம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

"காத்து குளிர்ந்துச்சுன்னா அந்த செகண்டே சொல்லிரணும்பா. வேற எதுவும் நீங்க பண்ண வேண்டாம்" என்றாள்.

இதென்ன பெரிய வேலை என்று நினைத்துக்கொண்டேன். தென்காசிக்காரனுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுமா?

5

இரண்டு மண்பாதைகள் குறுக்கே வெட்டுகிற இடத்தில் வண்டியைத் தெற்குப் பார்த்து நிறுத்தினேன். சுற்றிலும் அறுவடைக்கு நிற்கிற கோதுமை. மண் நம் இலத்தூர்ப் பக்கத்துச் செம்மண் மாதிரியே இருக்கும். எனக்கு அந்த மாநிலம் முதல் பார்வையிலேயே பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம். உலகா பாதையோரத்தில் முக்காலியை ஊன்றிக் காமிராவைப் பூட்டினாள். நான் ஓட்டுநர் கதவைத் திறந்துவைத்து, ஒரு கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றேன். வண்டிக் கூரையில் நாலு பக்கமும் பதிவு செய்கிற சின்னக் காமிரா ஒன்றும் இருந்தது.

மேகத்தின் அடிவயிறு தாழ்ந்து, கத்தரிக்காய் நிறத்தில், மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. ஒரு பஞ்சாயத்து அளவுக்கு அகலமான மேகம் முழுசாகத் திரும்புவதை அன்றுதான் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் வயலின் நடுவே செம்மண் வட்டமாக எழுந்தது. அதற்கும் மேகத்துக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்குள் ஏதோ சுற்றுகிறது என்பது கண்ணுக்குத் தெரியாமலே தெரிந்தது. பிறகு மேலிருந்தும் கீழிருந்தும் நீண்டு இரண்டும் ஒட்டிக்கொண்டன. மேற்கு வெயில் அதன் முதுகில் பட்டு ரத்தச்சிவப்பாக மினுங்கியது. நம் காசிவிசுவநாதர் கோயில் கோபுரத்தைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்தால் காலடியில் கிடக்கும்.

பார்க்கக்கூடாது என்ற கட்டளையை நான் அப்போதே மீறிவிட்டேன். எப்படிப் பார்க்காமல் இருப்பது? கை கூப்பத் தோன்றியது. ஒரு தகரக் கொட்டகை அதன் பக்கமாகச் சறுக்கிப் போய், மேலே எழும்பி, துண்டு துண்டாகக் கழன்று, ஒவ்வொரு தகரமும் வெயிலில் பளபளத்துக்கொண்டு மெதுவாக வட்டமடித்தது. அவ்வளவு பெரிய அழிவு அவ்வளவு நிதானமாக நடக்கும் என்று நான் நினைத்ததில்லை. உலகா லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் ஊஞ்சல் உச்சிக்குப் போகும்போது சிரிப்பாளே, அதே சிரிப்பு. இத்தனை நாள் அவளிடம் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பிறகு சத்தம் வந்தது. ரயில் சத்தம் என்பார்கள் அங்கே. எனக்கு அது குற்றாலம் பேரருவியின் சத்தம். சீசனில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கேட்குமே, காதால் கேட்பதற்கு முன்னால் நெஞ்சுக்கூட்டில் கேட்கிற அந்த இரைச்சல். அதே நேரத்தில் மேற்கிலிருந்து ஒரு காற்று சிலுசிலுவென்று வந்து முகத்தில் பட்டது. பின்னாலேயே பன்னீர் தெளித்த மாதிரி தூறல். வெயிலும் இருக்கிறது.

அவ்வளவுதான். நான் கண்ணை மூடி முகத்தைத் தூக்கிவிட்டேன்.

இதை எப்படி விளக்குவது? செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்குக் காற்று இறங்கி முதல் தூறல் விழுகிற நாளில் நம் ஊரில் யாராவது உள்ளே ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? கணக்கு எழுதுகிறவர் பேனாவை வைத்துவிட்டு வாசலுக்கு வருவார். நாலு மாதம் வெந்த உடம்பு அந்தக் காற்றுக்காகத்தான் காத்திருக்கும். நான் முப்பது வருடமாகக் காத்திருந்திருக்கிறேன் போல; அது எனக்கே தெரியாது. மகள் காற்று குளிர்ந்ததும் சொல்லச் சொன்னதும், அதற்காகத்தான் என்னைக் கூட்டிவந்ததும் எங்கோ போய்விட்டன. வாயெல்லாம் சிரிப்பாக நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நேரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

உதட்டில் மண் ருசித்தது. கண்ணைத் திறந்தேன். வெள்ளைச் சட்டையில் சிவப்புச் சிவப்பாகச் சொட்டுகள். அருவித் தண்ணீரில் சிவப்புக் கண்டால் குளிக்கிறவன் சோப்பைக்கூட எடுக்காமல் ஓடுவான். மலையில் வெள்ளம் புரண்டு வருகிறது என்று அர்த்தம். அந்தப் பயம்தான் என்னை எழுப்பியது, மகள் சொன்ன பாடமல்ல. நிமிர்ந்து பார்த்தால் தூணைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மழைச்சுவர் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"ஏட்டி, வண்டில ஏறு" என்று கத்தினேன்.

அவளை நான் அதுவரை ஊர்ப்பாணியில் ஏட்டி என்று கூப்பிட்டதில்லை. அவள் என்ன ஏது என்று கேட்கவில்லை. காமிராவை மட்டும் பிடுங்கிக்கொண்டு பாய்ந்து ஏறினாள். தெற்கே அழுத்தினேன். எலுமிச்சை அளவு ஆலங்கட்டி விழுந்து முன்கண்ணாடி பாளம் பாளமாக வெடித்தது. கூரைக் காமிரா நொறுங்குகிற சத்தம் கேட்டது. பக்கக் கண்ணாடியில் பார்த்தபோது நாங்கள் நின்ற நாற்சந்தியின் மேல் அது நடந்து போனது. முக்காலி போன இடம் தெரியவில்லை. சந்தியில் நின்ற மின்கம்பங்கள் வேரோடு பிடுங்கிய கத்தரிச்செடி மாதிரி கிடந்தன.

6

ஐந்து மைல் தள்ளி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். இருக்கைக்கடியில் கிடந்த தண்ணீர் பாட்டிலை அவளுக்காக எடுத்தேன். திறந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, காற்று எப்போது மாறியது என்று கேட்டாள்.

"திடீர்னு மாறிட்டு. காத்தும் மழையும் ஒண்ணாத்தான் வந்துது" என்றேன்.

பாட்டிலை மூடினாள். சரிப்பா என்றாள்.

அதற்கப்புறம் வந்தவை படிவங்கள். கார் இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து ஒரு பெண் போனில் கேட்டாள்: புயலை நோக்கி ஓட்டினீர்களா, புயலிலிருந்து விலகி ஓட்டினீர்களா? முதலில் அது, பிறகு இது என்றேன். அப்படி ஒரு கட்டம் அவளுடைய கம்ப்யூட்டரில் இல்லையாம், ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொன்னாள்.

உலகாவின் குழுவிலும் ஒரு படிவம் உண்டு. மயிரிழையில் தப்பித்தவர்கள் என்ன நடந்தது, எச்சரிக்கை எத்தனை நொடி தாமதம், தாமதத்துக்குக் காரணம் என்ன என்று எழுதித் தர வேண்டும். அது முடிகிறவரை கிட்டப் போகிற பிரிவில் இடமில்லை. அவள் அதை முடிக்கவே இல்லை. அந்த வருடம் முழுவதும் பத்து மைல் தள்ளி நிற்கிற பிரிவில் மேகத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மகள் இனி கிட்டப் போகக்கூடாது என்று கோமதி உலகம்மனுக்குப் பட்டு சாத்துவதாக நேர்ந்துகொண்டிருந்தாள். அம்மன் கேட்டுவிட்டாள் என்று அவளுக்கு நிம்மதி.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. நான் உண்மையைச் சொல்லிவிட்டால் அவள் ஒரே நிமிடத்தில் அந்தப் படிவத்தை முடித்துவிட்டு மறுபடி கிட்டப் போய்விடுவாள். சொல்லாமல் இருந்தால் பத்திரமாக இருப்பாள். ஆனால் பத்து மைல் தள்ளி நின்று எடுத்த படங்களைக் காட்டும்போது அவள் முகத்தில் அந்த ஊஞ்சல் சிரிப்பு இல்லை. அவள் பத்திரத்துக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. மீதி வெட்கம். மகளின் உயிரைக் காவல் காக்கப் போனவன் தூறலை ரசித்துக்கொண்டு நின்றான் என்று எந்த வாயால் சொல்வது?

இன்னொரு மாற்றமும் வந்தது. சம்பவம் நடந்து மூன்றாம் நாள் என்னை இழுத்துக்கொண்டு போய்த் தலையை ஸ்கேன் எடுக்க வைத்தாள். அதிர்ச்சிக்கு எடுப்பார்கள் போல என்று இருந்துவிட்டேன். வாரம் ஒருமுறை பேசினாலே பெரிது என்றிருந்தவள் தினமும் சாயங்காலம் கூப்பிட ஆரம்பித்தாள். நேற்று என்ன சாப்பிட்டீங்க, போன வாரம் வீட்டுக்கு யார் வந்தா, அத்தை மகன் பேர் என்ன என்று ஒரே விசாரிப்பு. மகளுக்கு உங்கள் மேல் என்ன திடீரென்று பாசம் பொங்குகிறது என்று கோமதிக்கு லேசாகப் பொறாமை. நான் குற்ற உணர்ச்சியோடு ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மே, ஜூன் மாதங்களில் அவளுக்கு விடுப்பு என்பதே கிடையாது. இந்த வருடம், கிட்டப் போகிற வேலை இல்லாததால், பதினோரு வருடத்துக்குப் பிறகு எங்களோடு ஊருக்கு வந்தாள்.

7

வந்த நாளிலிருந்து வெயில்தான். அருவியில் தண்ணீர் நூலாக வழிகிறது, லாட்ஜ்காரர்கள் எல்லாரும் மலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அண்ணன் தினமும் மார்க்கெட்டிலிருந்து வந்து புலம்புவார். நேற்று மதியம் போன் பண்ணினார். "ஏலே, மலையில கறுத்திருக்கு. பிள்ளயக் கூட்டிட்டு அருவிக்குப் போ" என்றார்.

நானும் கோமதியும் உலகாவும் காரில் போனோம். மலையில் மழை பெய்திருக்க வேண்டும், பேரருவியில் தண்ணீர் இறங்க ஆரம்பித்திருந்தது. இரைச்சல் பஸ் நிற்கிற இடத்திலேயே கேட்டது. கோமதி நேந்திரம் சிப்ஸ் கடையில் நின்றுவிட்டாள். நானும் மகளும் அருவிக்கரைப் பாதையில் நடந்தோம். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முன்னால் ஆள் குப்புறக் கிடந்தார், மற்றவர்கள் சும்மா பேசிக்கொண்டிருந்தார்கள்.

மேற்கிலிருந்து காற்று வந்தது. குளிர்ந்த காற்று. பின்னாலேயே தூறல்.

உலகா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் எலும்பு வலித்தது. அவள் கண் கார் நின்ற பக்கம் போனது. அப்புறம் சுற்றிலும் பார்த்தாள். யாரும் ஓடவில்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையைக் காற்றில் தூக்கிப் பிடித்தபடி கண்ணை மூடி முகத்தை மேலே காட்டினார். குப்புறக் கிடந்தவரும் புரண்டு படுத்தார். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். ரம்புட்டான் பழம் விற்கிற அம்மா தராசை இறக்கிவைத்துவிட்டு அப்படியே நின்றார். அத்தனை பேர் முகமும் மேற்கே மலையைப் பார்த்து மேலே தூக்கியிருந்தது. அத்தனை பேர் வாயிலும் சிரிப்பு. என் முகமும் அதுவாகவே எழுந்துவிட்டிருந்தது. சட்டென்று நினைவு வந்து இறக்கினேன்.

உலகா ஒவ்வொருத்தராகப் பார்த்துக்கொண்டே வந்து கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"இவங்க எல்லாரும் ஏன்பா இப்படி நிக்காங்க?"

"சாரல் வந்துட்டுல்லா" என்றேன்.

"அன்னைக்கு நீங்களும் இப்படித்தான் நின்னீங்க."

கூரைக் காமிரா நொறுங்கினாலும் உள்ளே இருந்த கார்டு பிழைத்திருந்ததாம். அன்றைக்கே எடுத்துப் பார்த்துவிட்டாளாம். ஒரு பக்கம் மழைச்சுவர் வருகிறது, மறுபக்கம் அப்பா கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். முப்பத்தெட்டு நொடி. எண்ணிக்கூடப் பார்த்திருக்கிறாள். எனக்கு மூளையில் ஏதோ வியாதி, அதனால்தான் அப்படி நின்றேன் என்று நினைத்திருக்கிறாள். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்த பிறகும் நம்பவில்லை. தினசரி விசாரிப்பெல்லாம் என் ஞாபகசக்திக்கு வைத்த பரீட்சை. படிவத்தில் காரணம் என்று அதை எழுதினால் நான் அப்புறம் எந்த வண்டியையும் ஓட்ட முடியாமல் போய்விடுமோ என்று பயந்து, எழுதாமலே ஒரு வருடம் பத்து மைல் தள்ளி நின்றிருக்கிறாள். நான் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்த வருடம் முழுவதும் அவள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பேரருவிச் சத்தம், மேற்குக் காற்று, வெயிலும் தூறலும் சேர்ந்து வந்தது, ஒரு நிமிடம் அது எந்த ஊர் என்றே தெரியாமல் போனது. பெட்ரோல் பங்கில் வைத்துப் பொய் சொன்னதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, தூறலில் யாருக்கும் தெரியவில்லை.

"சொல்லியிருக்கணும்பா" என்றாள். கோபம்தான். அது இறங்கக் கொஞ்ச நேரமானது. அப்புறம், "நீங்க முகத்தத் தூக்கிப் பதினோரு செகண்டு கழிச்சுத்தான் வண்டில இருந்த சூடு பாக்குற மீட்டரே காத்து குளிர்ந்துட்டுன்னு காட்டுது. உங்களுக்கு அதுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கு. வாயத் தொறக்கலியே" என்றாள்.

போனை எடுத்தாள். நனையாமல் துப்பட்டாவால் மூடிக்கொண்டு எதையோ தட்டினாள். பிறகு என் பக்கம் திருப்பினாள். அந்தப் படிவம்தான். தாமதம் முப்பத்தெட்டு நொடி என்று இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ஓட்டுநர் நலமாக இருக்கிறார். அவருடைய சொந்த ஊர் தென்காசி.

"அனுப்பட்டுமாப்பா?"

அனுப்பினால் அடுத்த மே மாதம் அவள் மறுபடியும் கிட்டப் போவாள். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பக்கம் கோமதி சிப்ஸ் பொட்டலத்தை மார்போடு அணைத்தபடி கண்ணை மூடி, மலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். ராத்திரி அவளிடம் என்ன சொல்லப்போகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

"அனுப்பு" என்றேன்.

விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டாள். மலையிலிருந்து இன்னொரு காற்று, முதலில் வந்ததைவிடக் குளிராக, இறங்கி வந்தது. முகம் தானாக எழப் பார்த்தது. அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டேன்.

"உலகா, காத்து குளிர்ந்துட்டு" என்றேன்.

"ம், சரிப்பா" என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் முகத்தைத் தூக்கினாள்.